சாட்சிக் குழாய்

அவர் கோபப்படாமல் இருந்து நான் பார்த்தது மொத்தம் இரண்டே முறைதான். மற்ற நாளெல்லாம் கோபம். காலையில் மொபெட்டை நிறுத்தும்போதே வாட்ச்மேனிடம் ஆரம்பித்துவிடுவார். “கேட்டத் தொறந்தா முழுசாத் தொற. இல்லாட்டி மூடி வை. இது இன்னா பாதி?” வாட்ச்மேன் எழுந்து நின்று, திறப்பதா மூடுவதா என்று தெரியாமல் விழிப்பார். அதற்குள் அவர் மாடிப்படியில் பாதி ஏறியிருப்பார், அடுத்த ஆளைத் திட்ட.

கடையிலிருந்து வரும் டீ கிளாஸைக் குடிப்பதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். விளிம்பில் பழைய கறை தெரிந்தால் டீயோடு திருப்பி அனுப்புவார். ஒருமுறை ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இடத்தில் டெய்லர், “செவ்வாய் புதன்ல வாங்கம்மா” என்றிருக்கிறார். “செவ்வாயா, புதனா?” என்று கேட்டு, டெய்லர் தலையைச் சொறிய, இவர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தக் கதையை எங்களிடம் சொல்லும்போதும் அதே கோபத்தோடுதான் சொன்னார். நாங்கள் சிரித்தோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று அதற்கும் கோபித்துக்கொண்டார்.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால், “யாரக் கேட்டு எழுதின?” என்று எங்கிருந்தாவது போன் வரும். வந்தால் நல்லதுதான். ஆனால் வராது.

எங்களுக்குள் அவருக்கு ‘உப்பு மேடம்’ என்று பெயர். அதற்குக் காரணம் இரண்டு. யாராவது வேலையில் சொதப்பினால், “சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?” என்று கேட்பார். அது ஒன்று. இன்னொன்று, அவர் வெள்ளைக் கோட்டின் பையில் எப்போதும் ஒரு சின்ன பாட்டில் இருக்கும். அதில் இருந்தது உப்புக் கரைசல். எங்கள் மையத்தின் பிழைப்பே அந்த உப்பில்தான் இருந்தது.

அது என்ன மையம் என்று சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் கடற்கரையிலிருந்து நான்கு தெரு தள்ளி, ஒரு பழைய மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து, பிரான்ஸில் டாக்டராக இருந்து ஊர் திரும்பிய ஒருவர் நடத்தினார். அவர்தான் டைரக்டர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்து வருஷத்தில் நானோ, நானோ என்று எங்கு பார்த்தாலும் பேச்சு. எங்கள் மையம் தங்கத்தை வைத்துக் காசநோயைக் கண்டுபிடிக்கக் கிளம்பியது. நான் வெளிவேலைக்காரன். இருமுகிறவர்கள் வீட்டுக்குப் போய்ச் சளி வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவேன். வைத்திக்குப்பத்திலிருந்து காலாப்பட்டு வரைக்கும் எனக்கு ‘சளித் தம்பி’ என்று பெயர்.

காசநோய்க்குச் சளியைத் தகட்டில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிருமி குறைவாக இருந்தால் அதில் சிக்காது. கிருமியை வளர்த்துப் பார்க்கலாம், ஆனால் வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்கள் வழி வேறு. தங்கத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது, சிவப்பாக இருக்கும். அந்தத் துகள்களின் மேல் காசநோய்க் கிருமியின் மரபணுவுக்கு மட்டும் பொருந்துகிற ஒரு துண்டை ஒட்டிவைப்பார்கள். சளியிலிருந்து மரபணுவைப் பிரித்து, பெருக்கி, இதில் கலந்து, உப்புக் கரைசல் விட வேண்டும். கிருமி இருந்தால் அதன் மரபணு வந்து துகளைப் பிடித்துக்கொள்ளும். உப்பால் ஒன்றும் செய்ய முடியாது. சிவப்பு அப்படியே நிற்கும். கிருமி இல்லையென்றால் உப்புப் பட்டதும் துகள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நீலமாகிவிடும். சிவப்பு என்றால் நோய், நீலம் என்றால் இல்லை. நிறம் பார்க்கப் பெரிய மெஷின் வேண்டாம், கண் போதும்.

“ஒரு மூக்குத்தித் தங்கத்துல இந்த ஊர்ல இருமுறவங்க அத்தன பேரையும் பாத்துடலாம்” என்பார் மேடம். பெருமையாகச் சொல்ல மாட்டார். இதைக்கூட இத்தனை நாள் ஒருவரும் செய்யவில்லையே என்ற ஆத்திரத்தோடு சொல்வார்.

அந்தச் சிவப்பு லேசில் வரவில்லை. தங்கக் கரைசலைக் கொதிக்கவைத்து, எலுமிச்சைப் புளிப்பிலிருந்து எடுக்கும் ஒரு உப்பைச் சேர்த்தால், மஞ்சள் போய், நிறமே இல்லாமல் போய், கறுத்து, பிறகு சிவக்க வேண்டும். பல வாரம் கறுப்போடு நின்றுவிட்டது. பாத்திரத்தில் தூசு, பாத்திரத்தில் சோப்பு என்று ஒவ்வொரு முறையும் ஒரு குறை கண்டுபிடித்தார். கடைசியில் பாத்திரம் கழுவுவதை அவரே எடுத்துக்கொண்டார். தங்கத்தையே கரைக்கும் ராஜதிராவகத்தில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்ப அலசி, கவிழ்த்து வைத்து, அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொள்வார். அப்படிக் கழுவ ஆரம்பித்த பிறகு ஒருநாள் சிவந்தது. மாதுளம்பழச் சாறு மாதிரி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “தங்கம் எங்கம்மா? மஞ்சளா ஒண்ணும் காணமே?” என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் அந்த மனிதர் தொலைந்தார். அன்றைக்கு மேடம் சிரித்துக்கொண்டே கால் மணி நேரம் விளக்கினார். கோபமில்லாமல் நான் பார்த்த முதல் முறை அது.

எனக்கு அவரைப் பிடிக்காது. இப்போது அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது. சளி டப்பாவின் மூடி சரியாகத் திருகவில்லை என்று படிக்கட்டில் வைத்து அத்தனை பேர் முன்னால் திட்டியிருக்கிறார். “அநேகமா இது அந்த வீட்டு சாம்பிள்தான் மேடம்” என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பேனாவைத் தூக்கி மேஜைமேல் அடித்தார். “அநேகமாவா? ஒருத்தி சளிய இன்னொருத்தி பேருல பாத்து, நோயில்லாதவளுக்கு ஆறு மாசம் மாத்திர குடுப்பியா? சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?” அந்தச் சொல்லை அவர் முன்னால் சொல்லவே கூடாது. அநேகமா, ஏறக்குறைய, சுமாரா, எல்லாம் அவருக்கு ஒரே ஜாதி.

குழாயை டியூப்லைட்டில் பார்க்க விடமாட்டார். வடக்கு ஜன்னலுக்குக் கொண்டுபோய், பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, “சிவப்பா, நீலமா?” என்று கேட்பார். யாராவது ஊதா என்று சொன்னால் முடிந்தது. “ஊதான்னு ஒரு பதிலே இல்ல. நடுவுல நிக்குதுன்னா குழாய் பொய் சொல்லல, உன் கை பொய் சொல்லியிருக்கு.”

ஒவ்வொரு தடவையும் நோயாளிகளின் குழாய்களோடு இரண்டு குழாய்கள் கூடுதலாக வைப்பார். ஒன்றில் கிருமியின் மரபணு இருப்பது முன்னமே தெரியும். அது சிவப்பாக நிற்க வேண்டும். இன்னொன்றில் இல்லை என்பது தெரியும். அது நீலமாக வேண்டும். மற்ற இடங்களில் கண்ட்ரோல் என்பார்கள். இவர் சாட்சி என்பார். “சாட்சி ரெண்டும் சரியாச் சொன்னாத்தான் மத்த குழாயப் பாக்கணும். சாட்சி பெசகினா கேஸே இல்ல, எல்லாத்தையும் கொட்டு.” ஒரு வருஷத்துக்கு மேல் அவர் கையில் சாட்சி பிசகியதே இல்லை. அந்தச் சோதனை நல்ல சோதனை. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்டது தங்கம் இல்லை.

டைரக்டருக்குக் கோபமே வராது. எதற்கும் “பா க்ராவ், பா க்ராவ்” என்பார். பரவாயில்லை என்பதைப் பிரெஞ்சில் சொல்வது அது. டப்பா உடைந்தால் பா க்ராவ். கரண்ட் போய் ஃப்ரிட்ஜ் கெட்டால் பா க்ராவ். எங்களுக்கெல்லாம் அவரை ரொம்பப் பிடிக்கும். சிரித்த முகம், தோளில் கை போட்டுப் பேசுவார். மேடத்துக்கு மட்டும் பிடிக்காது. ஆராய்ச்சி முடியும்வரை இந்தச் சோதனையின் முடிவை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பார் மேடம். சொல்லாவிட்டால் மக்களுக்கு நாம் என்ன செய்தோம் என்று அறிக்கையில் எழுதுவது என்பார் டைரக்டர். மேடம் இருக்கும்வரை சொல்லவில்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜை நேரத்தில் மேடம் ஊரில் இல்லை. அவருடைய அத்தாவுக்குச் சென்னையில் இருதய ஆபரேஷன். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த மனிதர் அவர். பெண்ணுக்கு அந்தத் துடைக்கும் புத்தி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். பத்து நாள் லீவு. அவசரத்துக்கு வேண்டியிருக்கும் என்று அலமாரிச் சாவியை டைரக்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். தான் காய்ச்சி வைத்த தங்கத்தையும், எப்படிச் செய்ய வேண்டும் என்று ஒரு தாளையும், புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன் பெண்ணிடம் விட்டுப் போனார்.

முந்தைய வருஷங்களில் பூஜைக்கு மேடம் இருந்திருக்கிறார். “குங்குமப் பொட்ட மெஷினுக்கு வெளியில வைங்க. மெஷினுக்குள்ள ஒரு துளி போச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்” என்று அதட்டிவிட்டு, பொரி கடலையைக் கை நிறைய வாங்கித் தின்பார். சுண்டலை அத்தாவுக்கு என்று டப்பாவில் எடுத்துப்போவார். கண்ணாடி அலமாரியை மட்டும் திறக்க விடமாட்டார். அந்த வருஷம் சாவி இருந்தது. எல்லாவற்றையும் கழுவிப் பூஜைக்கு வைப்போம் என்றார் டைரக்டர். நான்தான் கழுவினேன். சோப்புத்தூள் போட்டு, குழாய்த் தண்ணீரில் அலசி, வீட்டிலிருந்து கொண்டுவந்த வேட்டித் துணியால் பளபளவென்று துடைத்து, ஒவ்வொரு பாட்டில் மூடியிலும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பக்தியோடு செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். டைரக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பூஜை முடிந்து, அந்தப் பெண் மேடத்தின் தங்கத்தை நான் கழுவிய பாட்டில்களுக்கு மாற்றினாள். பதினோரு பேரின் சளி காத்திருந்தது. தங்கம் கொஞ்சம்தான் இருக்கிறது, மையத்துக்குப் பணம் தருகிறவர்களின் கமிட்டி பார்க்க வருகிறது, சாட்சிக் குழாய்க்கெல்லாம் வீணாக்க வேண்டாம் என்று டைரக்டர் அவளிடம் சொல்லிவிட்டார். பதினோரு குழாயும் நீலம். பதினோரு பேருக்கும் இல்லை. டைரக்டருக்குச் சந்தோஷம். “போய்ச் சொல்லிட்டு வாப்பா. பாவம், பயந்துக்கிட்டு இருப்பாங்க” என்றார்.

அதில் ஒருவர் வைத்திக்குப்பத்தில் மீன் விற்கும் அக்கா. மூன்று மாத இருமல். ஆஸ்பத்திரியில் இரண்டு முறை சளி பார்த்து இல்லை என்று வந்தும், சந்தேகம் தீராமல் எக்ஸ்ரேக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நான் போனபோது படகு நிழலில் மீன் அன்னக்கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

“இன்னா சளித் தம்பி, வந்துச்சா?”

“வந்துடுச்சுக்கா. ஒண்ணும் இல்ல. அநேகமா வெறும் சளிதான்.”

“மெய்யாலுமா?”

“தங்கத்துல வச்சுப் பாத்திருக்காங்கக்கா. பொய்யா சொல்லும்?”

மீன்கார அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தி இருமி முடித்து, “ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிக்கினு பயந்தே பூட்டேன் தம்பி” என்றார். “அப்ப எக்ஸ்ரேக்குப் போவ வேணாமா?”

“போனாப் போங்க. ஒண்ணும் அவசரம் இல்ல.”

கூடையிலிருந்து நாலு சங்கரா மீனை எடுத்துப் பேப்பரில் சுற்றிக் கையில் திணித்தார். வேண்டாம் என்றும் விடவில்லை. பஸ் ஏறி அரியாங்குப்பத்துக்குக் கொண்டுபோனேன். அம்மா குழம்பு வைத்தார். முள்ளைத் தவிர ஒன்றும் விடாமல் தின்றேன். ஒரு சொல்லில் ஒரு மனுஷியைப் பிழைக்கவைத்துவிட்டு வந்தவன் மாதிரி எனக்கு அன்று அப்படி ஒரு பசி.

மேடம் திரும்பி வந்த அன்று கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. தங்க பாட்டிலை எடுத்து ஜன்னலுக்குப் போனார். வெள்ளை அட்டையைப் பிடித்தார். “இது யாரோட சிவப்பு?” என்றார். “நாவப்பழம் தின்ன நாக்காட்டம் இருக்கு. நான் வச்சிட்டுப் போனது இது இல்ல.” மூடியில் இருந்த பொட்டைப் பார்த்தார். சாட்சிக் குழாய் இரண்டும் வைத்தார். கிருமி இருக்கும் என்று தெரிந்த குழாயில் உப்பு விட்டதும் அது நீலமாகிப்போனது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தத் தங்கத்தில் நோய் உள்ளவர் சளியை விட்டாலும் நீலம்தான், இல்லாதவர் சளியை விட்டாலும் நீலம்தான்.

“யார் கழுவினது?”

புதிய பெண் அழுதுகொண்டே, பூஜைக்குக் கழுவினோம் என்றாள். யார் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டைரக்டர் வந்தார். “பூஜை மேல பழி போடாதீங்க மேடம். மத்தவங்க மனசு புண்படும்” என்றார், அதே சிரித்த முகத்தோடு. வராந்தாவில் ஸ்டோர் கிளார்க் என் காதில், “அவங்களுக்கு நம்ம பூஜைன்னாலே ஆகாது” என்றார். வருஷா வருஷம் அவர் சுண்டல் கட்டிக்கொண்டு போனதை இந்தக் கண்ணால் பார்த்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

மேடத்தின் காதிலும் அது விழுந்தது. “பூஜைய யார் குத்தம் சொன்னா? பொரி கடலை நானும் திங்கல? கொழாத் தண்ணில கழுவினான் பாரு, அதச் சொல்றேன். கடலு நாலு தெருவுல இருக்கு, கொழாயிலயும் உப்புதான். இந்தத் தண்ணில பருப்பே வேக மாட்டேங்குது. தங்கம் நிக்குமா?” பிறகு டைரக்டர் பக்கம் திரும்பினார். “பதினோரு பேருகிட்டயும் போயி, தப்பாச் சொல்லிட்டோம், மறுபடி பாக்கணும்னு சொல்லணும். இன்னிக்கே.”

“பா க்ராவ், மேடம். ஆஸ்பத்திரிலயும் இல்லைன்னுதானே வந்திருக்கு? கமிட்டி வந்துட்டுப் போகட்டும்.”

“கிருமிக்குக் கமிட்டி தெரியுமா?”

குழாய்களில் எண் மட்டும்தான் இருக்கும். எந்த எண் யார், வீடு எங்கே என்பதெல்லாம் என்னுடைய நோட்டில் மட்டும் இருந்தது. டைரக்டர் என்னைத் தனியாக அழைத்துத் தோளில் கை போட்டார். “நோட்டைப் பத்திரமா வச்சுக்கப்பா. என்னைக் கேக்காம யாருக்கும் காட்டாதே. நோயாளிங்க ரகசியம்.” மேடம் அன்று மூன்று முறை கேட்டார். மூன்று முறையும், “டைரக்டர் சொல்லாம தர முடியாது மேடம்” என்றேன். எதற்கென்று கேட்டால், வேலை போய்விடும் என்ற பயம். அது பாதி. நோட்டைக் கொடுத்தால் கழுவினது யார் என்பதும் சேர்ந்து வெளியே வரும் என்ற பயம் மீதி.

“ஒரு வாரம் குடுங்க. புதுசாத் தங்கம் காய்ச்சித் தர்றேன். கமிட்டிக்கு நிஜத்தையே காட்டலாம்” என்றும் மேடம் கேட்டார். கமிட்டி மூன்றாம் நாள் வருகிறது என்றார்கள்.

கமிட்டியில் நாலு பேர். மேஜைமேல் ஐந்து குழாய். இதில் மூன்றில் கிருமி உண்டு, இரண்டில் இல்லை என்று சொல்லி, டைரக்டரே ஒவ்வொன்றிலும் உப்பு விட்டார். மூன்று சிவப்பாக நின்றன, இரண்டு நீலமாயின. கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற மேடம் முன்னால் வந்தார். கோட்டுப் பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்து, சிவப்பாக நின்ற மூன்றிலும் ஒவ்வொரு துளி விட்டார். பத்து எண்ணுவதற்குள் மூன்றும் நீலம். “இதுதான் உப்பு. அவர் இந்த மூணுல விட்டது வெறும் தண்ணி” என்றார். கமிட்டியில் இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. நிறம் தெரிந்தது. ஆனாலும் டைரக்டர், இவர் குடும்பத்தில் ஆபரேஷன், மனநிலை சரியில்லை என்று இங்கிலீஷில் ஏதோ சொல்லி அவர்களைச் சாப்பிட அழைத்துப்போய்விட்டார். அவர்களும் போனார்கள். கண்ணால் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்! மதியத்துக்குள் மேடத்தின் வேலை போயிற்று.

மறுநாளிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கேட்டுக்கு எதிரே மொபெட்டில் நின்றார். “நோட்டு குடுடா.” முதல் நாள் தெருவே திரும்பிப் பார்க்கத் திட்டினார். இரண்டாம் நாள், “உங்க அம்மா இருமினா இப்பிடித்தான் நோட்ட வச்சிக்கினு நிப்பியா?” என்றார். நான் பின்பக்கச் சந்து வழியாகப் போக ஆரம்பித்தேன். அங்கேயும் வந்தார். “நீ கெட்டவன் இல்லடா, நீ சோம்பேறி. பயப்படறதுலகூடச் சோம்பேறி.” பன்னிரண்டு நாள். மழை பெய்த நாளும் நின்றார். நான் என் முகம் தெரியாதபடி குடையை அவர் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அந்தப் பதினோரு பேரில் பத்துப் பேரை அவர் பிற்பாடு கண்டுபிடித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் போய், யாரோ செய்த தப்புக்குத் தான் மன்னிப்புக் கேட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மறுபடி பார்க்கவைத்தார். மூன்று பேருக்கு நோய் இருந்தது. மாத்திரை தின்று தேறிவிட்டார்கள். மையம் கொஞ்ச காலத்தில் மூடிக்கொண்டது. அந்த வீட்டில் இப்போது வெள்ளைக்காரர்கள் வந்து காபி குடிக்கிறார்கள். டைரக்டருக்கு ஒரு மேடையில் பொன்னாடை போர்த்தியதைப் பேப்பரில் பார்த்தேன். பேப்பரைக் கிழித்துப் போட்டேன். அதனால் யாருக்கு என்ன?

பதினோராவது ஆள் மீன்கார அக்கா. பதின்மூன்றாம் நாள் வேறொருவர் சளி வாங்க வைத்திக்குப்பம் போனேன். அக்கா வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. சின்னப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“இருமி இருமி ரத்தமா வந்துச்சு தம்பி. தூக்கினு போனாங்க. நேத்து பூட்டுச்சு. ஏம்மா எக்ஸ்ரேக்கு வரலன்னு டாக்டரு கேட்டாராம். தங்கத்துல பாத்து ஒண்ணும் இல்லன்னாங்கன்னு சொல்லிச்சாம்.” என் முகத்தைப் பார்த்து, “நீதான தம்பி வந்து சொன்ன?” என்றார். குற்றம் சாட்டவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பன்னிரண்டு நாள் முன்னால் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு ஒரு டாக்டரைக் கேட்டேன். அநேகமாக அப்போதே முற்றியிருக்கும் என்றார். அந்த ‘அநேகமாக’வைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் தூங்குகிறேன். மேடம் கேட்டால் பேனாவை எடுத்து அடிப்பார்.

அன்றைக்கே, சாமியானா வாசலிலிருந்து ஓட்டமும் நடையுமாக மையத்துக்குப் போய், நோட்டை எடுத்துக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். கூடத்தில் அவருடைய அத்தா சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மேடம் கதவைத் திறந்தார். வழியெல்லாம் நான் அவருடைய திட்டுக்குத் தயாராகிக்கொண்டே வந்திருந்தேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று இருந்தேன்.

“வாங்க தம்பி” என்றார். “உக்காருங்க.”

அவர் என்னை ‘நீங்க’ என்று சொன்னதே இல்லை. நோட்டை நீட்டினேன். மீன்கார அக்கா செத்துப்போனதைச் சொன்னேன். பாட்டில்களைக் கழுவியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும்” என்றார்.

நோட்டை ஜன்னலுக்குக் கொண்டுபோய், குழாயைப் பார்ப்பது போலவே வெளிச்சத்தில் பிடித்து, பதினோரு பெயரையும் விரல் வைத்துப் படித்தார். அக்கா பெயர் எது என்று கேட்டார். காட்டினேன். அதை அடிக்கவில்லை. “காலாப்பட்டுல இந்த வீடு ரோட்டுக்குக் கடல் பக்கமா, மேற்கயா?” என்றார். கடல் பக்கம் என்றேன். அநேகமாக என்று சொல்லவில்லை. கைப்பையை எடுத்தார், முக்காட்டைச் சரிசெய்தார், செருப்பை மாட்டினார்.

“நானும் வர்றேன் மேடம். வீடெல்லாம் எனக்குத்தான் தெரியும்.”

“வேணாம் தம்பி. நான் பாத்துக்கறேன். நீங்க இருந்து டீ சாப்ட்டுப் போங்க.” உள்ளே பார்த்து, “ஒரு டீ குடுத்துவிடுங்க” என்று குரல் கொடுத்தார். வாசலில் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது.

கோபமில்லாமல் நான் அவரைப் பார்த்த இரண்டாவது முறை அது. டீ வந்தது. கிளாஸில் ஒரு கறை இல்லை. குடித்தேன்.

இன்று எனக்கு நரைத்துவிட்டது. போகிற இடமெல்லாம், “வாங்க, உக்காருங்க” என்கிறார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வருகிறது. பன்னிரண்டு நாள் தெருவில் நின்று என்னை ‘டேய்’ என்று கூப்பிட்டாரே, அந்தப் பன்னிரண்டு நாளும் அவர் என்னை ஒரு மனிதன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.